இருபத்திரண்டு டிகிரி

இருபத்திரண்டு. சுவரில் தெர்மோஸ்டாட் காட்டுகிற எண். காலை ஏழு மணியிலிருந்து அதேதான். மணி இரண்டு பத்து ஆகிவிட்டது, பம்ப் ஓடவில்லை. ஓடாது. இருபத்திரண்டைத் தொட்டால் நிற்க வேண்டும், இருபத்தொன்றுக்குக் கீழே போனால் ஓட வேண்டும், அதற்குத்தானே அதைச் சுவரில் மாட்டியது. பின்கொட்டகையில் கேஸ் கொதிகலன், அதை ஒட்டிச் சிவப்பு பம்ப், பம்பிலிருந்து வீட்டுத் தரைக்குள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் குழாய்கள். சுடுதண்ணீர் சுற்றினால் தரை சூடாகும், தரை சூடானால் வீடு சூடாகும். சின்னப் பிள்ளைக்கும் புரியும். பெண்டாட்டி கமலவேணிக்கு மட்டும் புரியாது. தெய்வசிகாமணி நாற்காலியை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். இடது கைப் பக்கம் மேசை, மேசை மேல் தகரக் குடை கவிழ்த்த விளக்கு, விளக்குக்கு நேர் மேலே அந்த வெள்ளைப் பெட்டி. உட்கார்ந்த இடத்தில் கழுத்தை லேசாகத் திருப்பினால் எண் தெரிய வேண்டும். அப்படித்தான் வைக்கச் சொன்னார். மாட்ட வந்தவன் நடைச் சுவரில், இரண்டு அறைக்கும் நடுவில் வைக்கலாம் என்றான். எழுந்து போயா பார்ப்பேன் ஒவ்வொரு தடவையும், முப்பத்து மூன்று வருஷம் பவர்ஹவுஸ் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவன் நான், மீட்டர் ஆபரேட்டரின் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும், இங்கே அடி ஆணியை, என்றார். அடித்தான். எண் மங்கலாக இருந்தது, விளக்கை அடியில் கொண்டுவந்து வைத்தார். தெளிவாகத் தெரிந்தது. ஐந்து வருஷமாகத் தெளிவாகத் தெரிகிறது.

வெளியே மஞ்சு, மூடுபனி, இறங்கியிருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம் பாதிதான் இருந்தது, கீழ்ப்பாதி இல்லை. கோத்தகிரியில் தை மாதம் இப்படித்தான், விடிந்தால் புல் மேல் உறைபனி, மத்தியானம் ஒரு மணி நேரம் வெயில், அப்புறம் இந்த வெள்ளை. மஞ்சு என்றதும் மகள் ஞாபகம் வந்தது, மஞ்சுளா, கார் ஓட்டிக்கொண்டு வருகிறாள், அம்மாக்காரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. மேட்டுப்பாளையம் தாண்டியிருப்பார்களா. மலைப்பாதையில் கார் விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாக வரச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காலையில் எட்டு மணிக்கு கமலவேணி போன் செய்தபோது சொல்ல வேண்டிய எதையும் சொல்லவில்லை. அவள்தான் பேசினாள். "அஞ்சு மணிக்கு வந்துருவோமுங்க. பெரிய பெட்டி ஒண்ணு காலியா எடுத்துட்டு வர்றோம்." காலிப் பெட்டி எதுக்கு என்றார். "ரூமு காலுக்கு எதமா இருந்துதுன்னா அது கார்லயே கெடக்கட்டும். இல்லீன்னா என்ற துணிமணியெல்லாம் போட்டு எடுத்துக்கறேன். இனி மஞ்சு ஊட்டுலயே இருந்துக்கறேனுங்க." கோபம் இல்லாமல் சொன்னாள். நாற்பத்தாறு வருஷத்தில் அவள் இப்படி ஒன்று, இரண்டு என்று பிரித்துப் பேசி அவர் கேட்டதில்லை. அதற்கு அவர் சொன்ன பதில், மீட்டர் இருபத்திரண்டு காட்டுது வேணி. அவள் போனை வைத்துவிட்டாள்.

வேறு என்ன சொல்வது. இருபத்திரண்டு என்றால் இருபத்திரண்டுதான். மேசை மேலே நோட்டு இருக்கிறது, மணிக்கு மணி எழுதியிருக்கிறார், ஆறு மணி இருபத்தொன்றரை, ஏழு மணி இருபத்திரண்டு, எட்டு மணி இருபத்திரண்டு. ராத்திரி இரண்டு மணிக்கும் நாலு மணிக்கும்கூட உண்டு, எப்படியும் ஒண்ணுக்குப் போக எழுந்துதானே ஆகவேண்டும், அப்போது பார்த்து எழுதிவிடுவார், அதற்காக விளக்கு பகல் மட்டுமில்லை, விடிய விடிய எரியும், அவர் கட்டிலும் இந்தக் கூடத்திலேயே. எண்பத்தேழிலோ எண்பத்தெட்டிலோ இரண்டாம் நம்பர் மிஷின் பேரிங் சூடு மீட்டரில் முள் ஏறியது. மெல்ல ஏறியது. சூப்பிரண்டு வந்து இரும்பின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லையப்பா, சும்மா இரு, என்றார். இவர் சும்மா இருக்கவில்லை. மிஷினை நிறுத்தினார். கழற்றிப் பார்த்தால் உள்ளே உலோகம் உருகத் தொடங்கியிருந்தது. இன்னும் கால்மணி ஓடியிருந்தால் பக்கத்தில் நின்ற நாலு பேர் போயிருப்பார்கள். கை பொய் சொல்லும், முள் சொல்லாது. அன்றைக்குச் சொன்னது, அப்புறம் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. அவளிடமும் சொல்லியிருக்கிறார். முதல் வருஷம் அவள் மெதுவாகத்தான் சொன்னாள், ஏனுங்க, என்ற ரூமு கொஞ்சம் சில்லுனு இருக்குதுங்களா, என்று கேள்வி மாதிரி. இருபத்திரண்டு என்றார். இரண்டாவது வருஷம், காலெல்லாம் மரத்துப் போகுதுங்க. இருபத்திரண்டு. மூன்றாவது வருஷம் அந்த மீட்டரைக் கழட்டி என்ற ரூமுல ஒரு நாளைக்கு வெச்சுப் பாருங்களேன் என்றாள். மீட்டரைக் கண்டபடி கழற்றி மாட்டினால் அளவு கெட்டுப்போகும், இது என்ன முறமா சல்லடையா, இடம் மாற்றி இடம் வைக்க. அப்புறம் அவள் கேட்கவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டாள். கேஸ் எவ்வளவு குறைச்சலாக ஆகிறது பார், வீட்டை அப்படிக் கட்டியிருக்கிறேன், சூடு வெளியே போகவே போகாது, என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருப்பாள்.

மணி இரண்டரை. போஜனுக்கு போன் போட்டார். அவன்தான் கொட்டகைக்கு வந்து போகிற எலக்ட்ரீசியன், குழாய் வேலையும் தெரியும். ஏழெட்டு மணி அடித்தபின் எடுத்தான். பின்னால் ஒரே கொட்டுச் சத்தம். "சார், எங்க ஹெத்தை அம்மன் பண்டிகை சார், கோயிலுக்கு நடந்து போயிட்டு இருக்கோம்." பம்ப் ஓடலை என்றார். "மீட்டர் எத்தனை சார்?" இருபத்திரண்டு. "அப்ப ஓடாதுங்க சார், அது சரிதானே." சரிதான், ஆனா அம்மா ரூம் சில்லுனு இருக்குன்னு சொல்றா. "நீங்க போய்ப் பாத்தீங்களா?" மீட்டரைப் பாத்துட்டுதான் பேசறேன். "மீட்டர விடுங்க சார். அம்மா ரூமுல கால வெச்சுப் பாத்தீங்களா?" காலை எதுக்கு வைக்கணும், மீட்டர் இருக்கு. போஜன் சிரித்தான், பக்கத்தில் யாரிடமோ அவன் படுக பாஷையில் என்னவோ சொன்னான், அவனும் சிரித்தான். "சார், நாங்க இருநூறு பேர் செருப்பில்லாம தார் ரோட்டுல போயிட்டு இருக்கோம். எங்க எல்லாருக்கும் கால் மரத்துப் போச்சு. எந்த மீட்டரும் இல்லாமலே தெரியுது சார்." வேலையத்த பயல். வைத்துவிட்டார். வைத்தபின் வீடு முன்னைவிட அமைதியாக இருந்தது. மூன்று வாரமாக இந்த அமைதி. காலையில் ரசம், மத்தியானம் அதே ரசம், ராத்திரி ரசத்தில் பிரெட். நாற்காலியிலேயே போய்விட்டால் யாருக்குத் தெரியும். பால்காரன் வாசலில் பாக்கெட்டை வீசிவிட்டுப் போகிறவன், எட்டிப் பார்க்க மாட்டான். இரண்டு நாள், மூன்று நாள். வீடு இருபத்திரண்டில் இருக்கும். சே, என்ன நினைப்பு இது. சாக்ஸ் போட்ட காலை மடித்து நாற்காலி மேல் வைத்துக்கொண்டார். அவருக்குக் குளிரவில்லை. அவருக்கு எப்போதும் குளிர்ந்ததில்லை, இந்த மூலை இதமாகத்தான் இருக்கும், அதனால்தானே சொல்கிறார். எனக்குக் குளிரலையே, உனக்கு மட்டும் எப்படிக் குளிரும்.

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அதை இல்லை, அதற்கு அடுத்ததை. மார்கழி நடுவில் மஞ்சுளா வந்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கமலவேணி தட்டோடு கட்டில் மேல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள், தரையில் கால் வைக்காமல். ஏம்மா இப்படி உக்காந்திருக்கே என்று மகள் கேட்டாள். கமலவேணி அவரைப் பார்த்தாள். அவர் மீட்டரைப் பார்த்தார். பார்த்துவிட்டு, மகள் முன்னால், குளிர் உன் உடம்புல இல்ல, மனசுல இருக்கு, என்றார். மீட்டரைப் படித்துச் சொல்கிற மாதிரியே சொன்னார். அவள் கையில் இருந்த உருண்டையைத் தட்டில் வைத்தாள். பிறகு எடுத்துத் தின்றாள். மறுநாள் காலை மகளோடு நாலு புடவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வாரம் இருந்துவிட்டு வருவாள் என்று நினைத்தார். என்ன தப்பு அதில். உள்ளதைத்தானே. மனசில் குளிர் என்றால் என்ன, அப்படி ஒன்று உண்டா, அவரே எங்கேயோ கேட்டதைச் சொன்னதுதானே. அவள் அந்த உருண்டையை வைத்த விதம். தட்டு ஓரத்தில், சத்தம் வராமல். திரும்பத் திரும்ப அதுதான் வந்து நிற்கிறது. ரசம் ஊற்றும்போது வருகிறது, பல் விளக்கும்போது வருகிறது. கழுத்தைத் திருப்பி எண்ணைப் பார்த்தார். இருபத்திரண்டு. மூன்று மணிக்கு நோட்டில் எழுதினார். எழுதிக்கொண்டிருக்கும்போதே டிக் என்று ஒரு சத்தம், விளக்கு போய்விட்டது.

பல்பு. கரண்ட் போகவில்லை, சமையல்கட்டில் பிரிட்ஜ் முனகுகிறது. கரண்ட் போனால் விளக்கும் பம்பும் ஒன்றாகப் போகும், ஒன்றாக வரும். இது பல்பு மட்டும். நூறு வாட் குண்டு பல்பு, கடைகளில் நிறுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டு பெட்டி வாங்கி வைத்தார், இந்த வெள்ளை விளக்கெல்லாம் கண்ணைக் குத்துகிறது. எப்போதும் மேசை இழுப்பறையில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், போனால் ஒரு நிமிஷத்தில் மாட்டிவிடுவார். இழுப்பறையைத் திறந்தார். இல்லை. கடைசியை மார்கழியில் மாட்டியது மறந்துவிட்டது. இருட்டிக்கொண்டு வருகிறது, எண் தெரியவில்லை, ஆத்திரமாக வந்தது. பரணில் இன்னொரு பெட்டி இருக்க வேண்டும். ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஏறும்போது முழங்கால் கடக்கென்றது, விழுந்தால் அஞ்சு மணிக்குத்தான் எடுப்பார்கள், கையில் காலிப் பெட்டியோடு வருகிறவர்கள். பரணில் பழைய மிக்சி, கொலு பொம்மை, கிழிந்த குடை, ஒன்றும் இல்லை. இறங்கினார். சமையல்கட்டில் தேடினார். குளியலறை அலமாரியில் தேடினார். கடைசியில் அவள் அறைக்குப் போனார். மூன்று வாரமாகப் போகவில்லை. மூன்று கம்பளி, ஒன்றன் மேல் ஒன்றாக, ஓரம் ஓரத்தோடு சேர்த்து மடித்து வைத்திருந்தது. அவளது அலமாரியில் அடித்தட்டில் கையை விட்டார். பழைய துண்டில் என்னவோ சுற்றி வைத்திருந்தது, பல்பாக இருக்குமோ என்று பிரித்தார். சுடுதண்ணீர் நிரப்புகிற ரப்பர் பை. சிவப்பு நிறம் வெளுத்து, மூடிப் பக்கம் வெடித்து, சைக்கிள் டியூப் துண்டு ஒட்டியிருந்தது. வாங்கி வருஷக்கணக்காக ஆகியிருக்கும். அவர் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ராத்திரி அவர் தூங்கினபின் சமையல்கட்டுக்குப் போய்ச் சத்தம் வராமல் தண்ணீர் சுட வைத்திருப்பாள். பார்த்தால் அவர் இருபத்திரண்டு என்பார் என்று. துண்டில் சுற்றி ஒளித்து வைத்திருக்கிறாள், புருஷனுக்குத் தெரியாமல் மற்ற பெண்பிள்ளைகள் நகை ஒளிப்பதுபோல இவள் சூட்டை ஒளித்திருக்கிறாள்.

கையில் பையோடு நின்றுகொண்டிருக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் கொட்டகையில் பம்ப் எழுந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு ம்ம்ம் என்று ஒரே நிலையான சத்தம். அவள் அறைச் சுவரை ஒட்டித்தான் கொட்டகை, இங்கேதான் நன்றாகக் கேட்கும். கொதிகலன் பற்றிச் சூடேறி அரைமணி கழித்துத்தான் பம்ப் எழும். இப்போது எதற்கு ஓடுகிறது. வெளியே திடீரென்று குளிர் ஏறிவிட்டதா. பையைக் கட்டிலில் போட்டுவிட்டுக் கூடத்துக்கு வந்தார். எண் தெரியவில்லை. டார்ச்சை எடுத்து அடித்தார். பதினெட்டு. முக்கால் மணி நேரத்தில் நாலு டிகிரியா. கதவு திறந்திருக்கிறதா, இல்லை. ஜன்னல், இல்லை. மீட்டர் கெட்டுவிட்டது. அதுதான், மீட்டர் கெட்டுவிட்டது, அஞ்சு வருஷம் உழைத்தது. வேறு எதுவும் மாறவில்லையே இந்த வீட்டில், பல்பு போனதைத் தவிர. டார்ச் வெளிச்சம் சுவரில் அப்படியே நின்றது. தகரக் குடை. குடையின் மேல் வாய் திறந்திருக்கும், சூடு போவதற்காக. குடைக்கு மேலே ஒரு முழம். சுவரில் சுண்ணாம்பு அங்கே மட்டும் லேசாகப் பழுத்திருந்தது, வாழையிலை நுனி மாதிரி. கையை வைத்தார். முக்கால் மணி கழித்தும் சுவர் இன்னும் வெதுவெதுவென்று இருந்தது, தூங்கி எழுந்த ஆளின் படுக்கை போல. கையை எடுக்கவில்லை. அஞ்சு வருஷமாக அந்தப் பெட்டி எதை அளந்தது. வீட்டை இல்லை. அவள் அறையை இல்லை. இந்த ஒரு முழம் சுவரை. அவர் பார்ப்பதற்கு என்று அவர் வைத்த விளக்கு. அவர் விளக்கின் சூட்டை அது அவருக்கே படித்துச் சொன்னது, போதும், வீடு சூடாகத்தான் இருக்கிறது, பம்பை நிறுத்து, என்றது. நிறுத்தியது. அவர் நோட்டில் எழுதினார். அவள் கட்டிலில் காலை மடக்கிக்கொண்டாள். முள் பொய் சொல்லவில்லை. முள் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. முள்ளை வைத்த இடம்.

மணி நாலு. பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. தரை நாலு அங்குலக் கான்கிரீட், குளிர்ந்து கிடப்பது சூடாக ஆறு மணி நேரம் ஆகும், எந்தக் கடவுள் வந்தாலும் ஒரு மணி நேரத்தில் ஆகாது. அஞ்சு மணிக்கு அவள் கால் வைக்கும்போது தரை இப்போது இருப்பதுபோலத்தான் இருக்கும். பக்கத்து வீட்டில் குமுட்டி அடுப்பு இருக்கிறது, கரி போட்டு அவள் அறையில் வைத்தால் உள்ளே வந்ததும் இதமாக இருக்கும், கால் வைக்கும் முன்னால் முகத்தில் படும். அல்லது பம்ப் கெட்டுக் கிடந்தது, போஜன் இப்போதுதான் சரி செய்துவிட்டுப் போனான் என்று சொல்லலாம். பம்பின் மேல் போட்டுவிடலாம். பம்பா வந்து மறுக்கப் போகிறது. நல்ல யோசனைதான். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், வேணி, பம்புல கோளாறு. சரியாகத்தான் வந்தது. மறுபடி சொல்லும்போது அந்த உருண்டை வந்து தட்டு ஓரத்தில் உட்கார்ந்தது. அவள் அறைக்குப் போனார். நாற்காலி இல்லை, கட்டிலில் உட்காரத் தோன்றவில்லை. குனிந்து சாக்ஸைக் கழற்றினார். ஒரு கால், அப்புறம் இன்னொரு கால். வெறும் காலைத் தரையில் வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு பாதத்தின் நடுவில் ஊசி மாதிரி ஒன்று ஏறியது, கணுக்காலுக்கு வந்தது, எலும்பைப் பிடித்தது. எடுத்துவிடலாம் என்றிருந்தது. எடுக்கவில்லை. எத்தனை நேரம் நின்றார் என்று நோட்டில் இல்லை. விரல்கள் அவருடையவை மாதிரியே இல்லாமல் போயின. ஒரு குளிர்காலத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எத்தனை தடவை கட்டிலிலிருந்து இறங்கியிருப்பாள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டார்.

அஞ்சே காலுக்குக் கார் சத்தம். மஞ்சுளா முதலில் வந்தாள். "என்னப்பா, விளக்குகூடப் போடாம இருட்டுல? பல்பு போச்சா? வர்ற வழியில வாங்கிட்டு வந்திருப்போமே." வேண்டாம் அம்மிணி என்றார். அங்கே விளக்கு வேண்டாம். அவளுக்குப் புரியவில்லை, தலையிலிருந்த ஈரத்தைத் தட்டிக்கொண்டு மறுபடி காருக்குப் போனாள். கமலவேணி உள்ளே வந்தாள். மெலிந்திருந்தாள், அல்லது ஸ்வெட்டர் இல்லாமல் அப்படித் தெரிந்தாள். அவரிடம் எதுவும் கேட்காமல் நேரே தன் அறைக்குப் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றினாள், உள்ளே கால் வைத்தாள், இரண்டு எட்டு நடந்தாள், நின்றாள். ஒரு பாதத்தை மற்றொன்றின் மேல் வைத்துக்கொண்டாள். பழக்கம்.

"சில்லுனுதானுங்க இருக்குது."

சொல்லிவிட்டுக் கூடத்துப் பக்கம் பார்த்தபடி நின்றாள். அந்த வார்த்தைக்குப் பின்னால் அந்தப் பக்கமிருந்து ஓர் எண் வரும், அஞ்சு வருஷமாக வந்திருக்கிறது, அதற்காக நின்றாள். எண் வரவில்லை.

"ஆமா," என்றார். "குளிருது. அஞ்சு வருஷமாவே குளிர்ந்திருக்கு. பம்ப் நல்லாத்தான் இருந்துது. நான் மீட்டர வெச்ச இடம் தப்பு. அடியில என்ற விளக்கு."

அவர் அறை வாசலுக்கு வந்து நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சாக்ஸ் இல்லாத அவர் கால்களைப் பார்த்தாள், நீலம் பாரித்திருந்த விரல்களை, வெகுநேரம். பிறகு கட்டில் மேல் துண்டு பிரிந்து கிடந்த ரப்பர் பையைப் பார்த்தாள்.

வாசலிலிருந்து மஞ்சுளா கத்தினாள். "அம்மா, பெட்டிய எறக்கட்டுமா?"

"எத்தன நேரமாகுமுங்க, தரை சூடாக?" என்று கமலவேணி அவரிடம் கேட்டாள்.

"பத்து மணி ஆகும்."

சுவருக்கு அந்தப் பக்கம் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. கமலவேணி ரப்பர் பையை எடுத்து, மூடியைத் திருகிப் பார்த்து, அவர் கையில் கொடுத்தாள்.

"இதுல சுடுதண்ணி ஊத்திட்டு வந்து உன்ற கால வெச்சுட்டு உக்காரு," என்றாள். நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக நீ என்றாள். வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "அது கார்லயே கெடக்கட்டும் கண்ணு. பத்து மணிக்குப் பாத்துக்கலாம்."